தலைவி கூற்றும் இசைத்தட்டும்: ஷாங்ரிலாஸ் குழுவின் பாடல்கள்

பாட்டு என்றதும் ஏட்டில் எழுதப்பெற்ற பாட்டே நம் நினைவுக்கு வருகிறது. இசைத்தட்டில் பதிவான பாட்டைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ள நம் ஆசிரியர்களுள் பலர் இசைவதில்லை. அதிலும் மேனாட்டுப் பாப் பாட்டு என்றால் முகம் சுளிப்போரே மிகுதி. மாணவர் செவியில் விழுவதெல்லாம் வெற்றொலி என்பது அவர்தம் முடிபு. பெரும்பாலான தட்டுகளுக்கு அம்முடிபு பொருந்தும் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். பொருந்தாத தட்டுகளும் உள. நியூயார்க் நகரத்துப் பள்ளி மாணவியர் நால்வர் 1964 முதல் 1966 வரை பாடித் தந்தவற்றுள் ஐந்தாறு பாடல்கள் அத்தகையன. அவற்றை நம் பொருளிலக்கண நோக்கில் அணுகினால் அவற்றின் கட்டுக்கோப்பு தெளிவாகப் புலப்படுகிறது என்பதும், அவற்றை ஆக்கியவர் யார் என்னும் வினாவுக்கு இதுகாறும் சொல்லப்பட்டு வரும் விடை போதாது என்பதும் என் கருத்து.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். நியூயார்க்கின் குவீன்ஸ் வட்டாரத்தில் கேம்பிரியா ஹைட்ஸ் என்றொரு பகுதி உண்டு. அங்கிருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர்கள் பெட்டி வைஸ், மேரி வைஸ் என்னும் சகோதரியர் இருவரும், மார்ஜ் கான்சர், மேரி ஆன் கான்சர் என்னும் இரட்டையர் இருவரும். 1963-ஆம் ஆண்டளவில் இந்நால்வரும் பள்ளி நிகழ்ச்சிகளிலும் நடன விருந்துகளிலும் சேர்ந்து பாடத் தொடங்கினர். தம் குழுவுக்கு 'ஷாங்ரிலாஸ்' எனப் பெயரிட்டுக்கொண்டனர். ஷாங்ரிலா என்பது ஜேம்ஸ் ஹில்டன் 1933-இல் எழுதிய நாவலில் வரும் கற்பனைப் பள்ளத்தாக்கு. அங்கு வாழ்வோரை மூப்பு மெல்லவே வந்தடையும். 1964-இல் ரெட் பர்ட் என்னும் புதிய இசைத்தட்டு நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜெரி லீபர், மைக் ஸ்டாலர் என்னும் புகழ்பெற்ற பாட்டாசிரியர் இருவரும் ஜார்ஜ் கோல்ட்னர் என்னும் வணிகரும் அதன் உரிமையாளர்கள். மாணவியர் உரிய வயதை எட்டாதவர்கள் ஆதலின் பெற்றோரே கையொப்பமிட்டனர். முதன்மைக் குரலாக விளங்கிய மேரி வைஸுக்கு அப்போது வயது 15. 1968-இல் குழு கலைந்தது. பொருட்படுத்தத்தக்க பாடல்கள் யாவும் 1964-க்கும் 1966-க்கும் இடைப்பட்ட ஈராண்டுக் காலத்தில் எழுந்தவை.

அக்காலத்தில் பெண்கள் குழுக்களுக்கு அமெரிக்காவில் பஞ்சமில்லை. 1961-இல் ஷிரெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்கள் குழு பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பெற்றதைத் தொடர்ந்து, கிரிஸ்டல்ஸ், ரோனெட்ஸ் எனப் பல குழுக்கள் புகழ்பெற்றன. குரல்வளத்தில் அவற்றுள் சில ஷாங்ரிலாஸ் குழுவினரை எளிதில் விஞ்சும். ரோனி ஸ்பெக்டரின் குரலுக்கு முன் மேரி வைஸின் குரல் மெல்லியது. சற்றே மூக்கொலி கலந்தது. உச்சத்தை எட்டும்போது சில வேளைகளில் உடைந்தும் போகிறது. எனினும் அவர்களிடம் காணக் கிடைக்காத ஒன்று இவரிடம் இருந்தது. அதை விளக்கவே தொல்காப்பியரிடம் செல்கிறேன்.

செய்யுளியலில் தொல்காப்பியர் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் என்பவை மாணவர் அறிந்தவையே. அவற்றோடு 'முன்னம்' என ஒன்றையும் அவர் வைத்தார். இவ்விடத்தில், இக்காலத்தில், இன்னார் இன்னார்க்கு இதனைச் சொன்னார் என்று கேட்பவன் உய்த்துணருமாறு செய்யுள் அமைந்திருத்தலே முன்னம் எனலாம். அகப்பாட்டில் புலவன் குறுக்கிட்டு விளக்கம் தருவதில்லை. தலைவி பேசுவாள், அல்லது தோழி பேசுவாள்; அப்பேச்சிலிருந்தே நிகழ்ச்சி முழுவதையும் நாம் கூட்டி அறிகிறோம். ஷாங்ரிலாஸ் பாடல்களின் அமைப்பும் இதுவே. இவர்கள் அகப்பாட்டைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. நான் சொல்ல வருவது செல்வாக்கைப் பற்றியதன்று, அமைப்பு ஒப்புமையைப் பற்றியது.

இவர்களது புகழுக்கு வழி திறந்த பாடல் 1964-இல் வெளிவந்த 'ரிமெம்பர்'. கடல் கடந்து சென்ற காதலனிடமிருந்து மடல் வருகிறது. உறவு முறிந்தது என்று அம்மடல் சொல்கிறது. கடற்கரையில் அவனோடு நடந்த பழைய நாளை அவள் எண்ணிப் பார்க்கிறாள். நெய்தலும் இரங்கலும் என்று நம் மாணவன் உடனே சொல்லிவிடுவான். சொல்லில் அரியது எதுவும் இப்பாட்டில் இல்லை. அரியது அமைப்பில் உள்ளது. நிகழ்காலத் துயரைச் சொல்லும் பகுதி கனத்த பியானோ ஒலியுடன் ஊர்ந்து செல்கிறது. நினைவு வரும் பகுதியிலோ விரல் சொடுக்கும் ஒலியும் கடற்பறவைகளின் குரலும் முணுமுணுப்பும் மட்டுமே எஞ்சுகின்றன. களனும் காலமும் மாறுவதைச் சொல்லால் அறிவிக்காமல் ஒலியால் அறிவித்த இம்முறை அன்றைய பாப் பாட்டுக்குப் புதிது. இதை இயற்றியவர் ஜார்ஜ் மார்ட்டன். அடிக்கடி காணாமற் போகும் இயல்பினர் என்பதால் அவருக்கு 'நிழல்' என்னும் பொருள்பட ஷேடோ மார்ட்டன் என்றே பெயர் வழங்கலாயிற்று. அதற்குமுன் பாட்டெழுதிப் பழக்கமில்லாதவர் அவர். பாட்டு பில்போர்ட் பட்டியலில் 5-ஆம் இடம்வரை ஏறியது.

அடுத்து வந்தது 'லீடர் ஆஃப் த பேக்'. மோட்டார் சைக்கிள் இளைஞர் கூட்டத்தின் தலைவன் ஜிம்மியை அவள் விரும்புகிறாள். அவன் தகாத பகுதியைச் சேர்ந்தவன் என்று பெற்றோர் தடுக்கின்றனர். தந்தையின் சொற்படி அவனைக் கைவிடுவதாக அவனிடமே அவள் சொல்கிறாள். மழை பெய்யும் இரவில் அவன் வண்டியை விரட்டிச் சென்று மாண்டுபோகிறான். மார்ட்டனும் ஜெஃப் பேரியும் எல்லி கிரீனிச்சும் பெயர் பொறித்த இப்பாடல் 1964 நவம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. கதையை இவ்வாறு எடுத்துரைத்தால் மூன்றாந்தரத் திரைப்படம் போலத் தோன்றும். அதனால்தான் அக்காலத்திலேயே இதனை எள்ளி நகையாடும் பாட்டொன்றும் எழுந்து விற்பனையாயிற்று. சலவைக் கடைக்காரியைத் தலைவியாக்கிய அந்தப் போலியைக் கேட்டுச் சிரித்தவர்கள், மூலப்பாட்டின் தொடக்கத்தைச் செவிகொடுத்துக் கேட்டவர்கள் அல்லர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

அத்தொடக்கம் பாட்டாக இல்லை, பேச்சாக இருக்கிறது. தோழியர் தமக்குள் அவளைப் பற்றி வினவிக்கொள்கின்றனர். பிறகு அவளையே அழைத்து, விரலில் அணிந்திருப்பது அவன் தந்த மோதிரமா என்று கேட்கின்றனர். ஆம் என்னும் பொருளில் ஒரு முனகல் வருகிறது. பள்ளி விட்டதும் அவன் வந்து அழைத்துச் செல்வானா என்று அடுத்த வினா. இல்லை என்னும் பொருளில் இன்னொரு முனகல். அவனை எங்கே சந்தித்தாய் என்று கேட்டபின்னரே பாட்டு தொடங்குகிறது. அந்த இரண்டாம் முனகல் ஏன் அவ்வாறு ஒலித்தது என்பது முதன்முறை கேட்பவனுக்கு விளங்காது. பாட்டு முடிந்து, அவன் இறந்துவிட்டான் என்று தெரிந்தபின் மீண்டும் கேட்டால், அந்த ஒற்றை ஒலிக்குள் பாட்டின் முடிவு முழுவதும் அடங்கியிருப்பது தெரியும். எச்சம் என்று நம் இலக்கணம் சொல்வது இதைத்தான். சொல்லே இல்லாத ஓர் ஒலியில் எச்சத்தை அமைப்பது ஏட்டுப் பாட்டால் இயலுமா? இயலாது. இசைத்தட்டுக்கே வாய்த்த வசதி அது. அதைத் தாங்கி நிற்பது பாடுபவளின் தொண்டை.

தோழியரின் பங்கும் கருதத்தக்கது. மற்றக் குழுக்களில் பின்பாட்டுக்காரர் முதன்மைப் பாடகியின் சொல்லைத் திரும்பச் சொல்லுவர். அதற்குமேல் அவர்களுக்கு வேலையில்லை. இங்கு அவர்கள் கேட்போர் ஆகின்றனர், வினவுகின்றனர், விபத்து நேரும் கணத்தில் எச்சரித்துக் கூவுகின்றனர். தலைவியின் துன்பத்துக்குச் சான்றாக நிற்பவர்கள் தோழியரே. பெற்றோர் சொல்லும் ஊரார் சொல்லும் அவள் வாய்வழியாகவே நமக்கு எட்டுகின்றன. தலைவிக்கு இப்பாட்டில் பெட்டி என்று பெயர். பாடுபவரோ பெட்டியின் தங்கை மேரி. தலைவனுக்கு ஜிம்மி என்று பெயர். அகத்தில் ஒருவர் பெயர் சுட்டப்படலாகாது என்பது நம் மரபு. இங்குப் பெயர் சுட்டப்பட்டாலும், அடுத்தொரு பாட்டிலும் காதலன் பெயர் ஜிம்மியாகவே இருக்கக் காண்கிறோம். தலைவன் என்னும் பொதுச்சொல் செய்யும் வேலையை அமெரிக்கப் பாட்டில் ஜிம்மி என்னும் பெயர் செய்கிறது.

அந்த அடுத்த பாட்டு 1965-இல் வந்த 'கிவ் அஸ் யுவர் பிளெஸிங்ஸ்'. பெற்றோரிடம் வாழ்த்து வேண்டிய காதலர் இருவர், அவர்கள் நகைத்து மறுக்கவே, உடன்போக்காக மழையில் வண்டியேறிச் சென்று விபத்தில் இறக்கின்றனர். பொருள் முன்னதற்கு நெருங்கியது, ஒலியமைப்பும் குறைவற்றது, பாடியவரும் அவரே. ஆயினும் இப்பாட்டு நெஞ்சைத் தொடவில்லை. காரணம் எளிது. இதில் தலைவி பேசவில்லை. இறந்த இருவரையும் பற்றி மூன்றாமவர் ஒருவர் கதை சொல்கிறார். கூற்றை மாற்றிய அளவிலேயே முன்னம் கெட்டு, பாட்டு செய்தியாகிவிடுகிறது. இது இக்குழுவுக்கென எழுதப்பட்டதும் அன்று. 1963-இலேயே ரே பீட்டர்சன் என்னும் ஆடவர் பாடியது. முன்னைய தட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து வேறுபாட்டை எழுதச் சொன்னால், கூற்று என்பது வெறும் தேர்வுக் குறிப்பு என்று எண்ணும் மாணவனுக்கும் அதன் பயன் விளங்கும்.

அதே ஆண்டில் வெளிவந்த 'அவுட் இன் த ஸ்ட்ரீட்ஸ்' விற்பனையில் 53-ஆம் இடத்தோடு நின்றது. என் கணிப்பில் இக்குழுவின் நுட்பமான படைப்பு அதுவே. இதில் யாரும் இறப்பதில்லை. தெருவில் திரிந்த முரட்டு இளைஞன் அவளுக்காகத் திருந்திவிட்டான். அவள் வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அவன் உள்ளம் இன்னும் தெருவிலேயே உள்ளது என்பதை அவள் காண்கிறாள். தன் அன்பே அவனைச் சிதைத்தது என்று உணர்கிறாள். தன் வெற்றியையே குற்றமாகக் காணும் தலைவியைப் பதினாறு வயதினர்க்கான வணிகப் பாட்டில் யார் எதிர்பார்ப்பர்? வாங்குவோர் எதிர்பார்க்கவில்லை போலும், அதனால்தான் வாங்கவில்லை.

1965-இன் இறுதியில் வந்தது 'ஐ கேன் நெவர் கோ ஹோம் எனிமோர்'. மார்ட்டன் தனித்து எழுதிய பாடல் இது. தாயோடு பூசலிட்டுக் காதலனுக்காக வீட்டைவிட்டுச் சென்ற ஒருத்தி, அவ்வாறே செல்ல எண்ணும் இன்னொருத்திக்குத் தன் கதையைச் சொல்கிறாள். காதலனை அவள் விரைவில் மறந்துவிட்டாள். தாயிடம் திரும்பவோ செருக்கு விடவில்லை. தனிமையில் தாய் இறந்துபோனாள். நம் உடன்போக்குப் பாடல்களில் மகள் சென்றபின் நற்றாயும் செவிலியும் இரங்குவர். சென்றவள் என்ன எண்ணினாள் என்று பெரும்பாலும் நாம் கேட்பதில்லை. இங்கு இரக்கம் மகளுடையது. தாய் பேசவே இல்லை. காதலன் என்னும் பாத்திரம் இரண்டொரு தொடரில் மறைந்துவிடுகிறான். காதற்பாட்டாக வேடமிட்டு வந்த இது உள்ளபடி கையறுநிலைப் பாட்டு. இடையே தாய் பாடிய தாலாட்டை மகள் நினைத்துப் பாடுகிறாள். பின்னர்த் தாயை விளித்து ஒரு கூவல் எழுகிறது. பெரும்பகுதி பேச்சு. தாள்மேல் எழுதிப் படித்தால் இது மலிவான அறவுரையாகத் தோன்றும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேரி வைஸ் பேசக் கேட்டாலோ அறவுரை மறைந்து, நம் எதிரே நின்று ஒருத்தி சொல்லக் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. பாட்டு 6-ஆம் இடம் பெற்றது.

இக்குழுவின் பாடல்கள் எல்லாம் இத்தகையன என்று கருதிவிடக் கூடாது. நெடுந்தட்டுகளை நிரப்புவதற்காகப் பிறர் பாட்டைக் கூச்சலோடு பாடிவைத்தவை உள. 1966-இல் போர்முனைக்குச் செல்லும் காதலனை வழியனுப்பும் 'லாங் லிவ் அவர் லவ்' என்பதும் வந்தது. அணிவகுப்பு இசையும் நாட்டுப்பற்றும் சேர்ந்து அதில் தலைவியைக் கொடிக்கம்பமாக்கிவிட்டன.

இனி ஆக்கியவர் யார் என்னும் வினாவுக்கு வருவோம். இப்பாடல்களைப் போற்றுவோருள் பெரும்பான்மையோர் போற்றுவது ஷேடோ மார்ட்டனை. அவர் இயக்குநர், மாணவியர் நடிகையர் என்பர். வேறு நால்வரைக் கொண்டும் அவர் இதனைச் செய்திருப்பார் என்பது அதன் உட்கிடை. நம் மரபிலிருந்தும் இதற்குத் துணை தேடலாம். தலைவி கூற்றாக வந்த சங்கப் பாடல்களுள் பெரும்பகுதி ஆடவர் இயற்றியவை. கபிலர் தலைவியாகப் பேசினார். நாம் கபிலரைத்தான் போற்றுகிறோம். அவ்வாறாயின் மார்ட்டனைப் போற்றுவதில் தவறென்ன?

வேறுபாடு உண்டு. கபிலரின் பாட்டில் தலைவி சொல்லால் ஆனவள். சொல் முழுவதும் கபிலருடையது. அச்சொல்லுக்கு வெளியே அவளுக்கு இருப்பில்லை. இசைத்தட்டில் அப்படியன்று. மேலே காட்டிய இரண்டாம் முனகலை எவர் எழுதினார்? எழுத்தில் அதற்கு வடிவமே இல்லை. 'ஐ கேன் நெவர் கோ ஹோம்' பாட்டில் எந்தச் சொல்லுக்குமுன் மூச்சை நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பவை பாட்டாசிரியரின் தாளில் இருந்திரா. அப்பாட்டின் துயருக்கு ஈடான துயரம் தம்மிடம் அன்று நிரம்ப இருந்தது என்னும் பொருள்பட மேரி வைஸ் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். மார்ட்டனும் வேறு குழுக்களோடும் பாடகரோடும் பணியாற்றியவரே. அவற்றுள் சிறப்புடையன உண்டு. ஆனால் இத்தகைய தலைவி அவர் பதிவுகளில் வேறெங்கும் எழவில்லை. தாலாட்டையும் ஒப்பாரியையும் தொகுக்கும்போது பாடிய மூதாட்டியின் பெயரைக் குறிப்பது முறை என்று நாம் வற்புறுத்துகிறோம். அதே முறையை இசைத்தட்டிலும் கையாள வேண்டும் என்பதே என் வழக்கு.

இக்குழுவின் வாழ்வு குறுகியதற்கும் இவ்வினாவுக்கும் தொடர்பு உண்டு. பீட்டில்ஸ் வருகையால் பெண்கள் குழுக்கள் ஒழிந்தன என்று பொதுவாகச் சொல்வர். ஷாங்ரிலாஸ் வெற்றி பெற்றதோ பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்த பிறகு. அவர்கள் பாடல்களும் சலிப்படையவில்லை; 1966-இல் வந்த 'பாஸ்ட், பிரசன்ட் அண்ட் ஃபியூச்சர்' அதற்குச் சான்று. பீத்தோவனின் 'நிலவொளி' சொனாட்டாவைப் பின்னணியாக வைத்து, இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்று பகுதிகளாக அமைந்த இத்தட்டில் பாடுதலே இல்லை; முழுவதும் பேச்சு. முன்பு காதலித்தது உண்டா என்று யாரோ ஒருவன் கேட்டதற்கு அவள் மறுமொழி சொல்கிறாள். உன்னோடு வருவேன், நடப்பேன், ஆடுவேன், ஆனால் என்னைத் தொடாதே என்பது அம்மறுமொழியின் சாரம். முன்பு நிகழ்ந்தது யாது என்று அவள் சொல்லவே இல்லை. காதல் முறிவு என்று கொள்வோர் உளர். அதனினும் கொடிய ஒன்று என்று கொள்வோரும் உளர். பாட்டு இரண்டுக்கும் இடம் தந்து மௌனமாக நிற்கிறது. பாட்டிலிருந்து பாட்டை எடுத்துவிட்ட பின்பும் எஞ்சிநிற்பது எதுவோ, அதுவே இக்குழுவின் கலை. அது மேரி வைஸின் குரலில் இருந்தது. பட்டியலில் அத்தட்டு 59-ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

அவ்வாண்டிலேயே லீபரும் ஸ்டாலரும் விலக, ரெட் பர்ட் நிறுவனம் முடிவுக்கு வந்தது. குழு மெர்க்குரி நிறுவனத்துக்கு மாறியது. அங்கு வெளியான இரு தட்டுகளும் எடுபடவில்லை. உரிமை வழக்குகள் சூழ்ந்தன. 1968-இல் எல்லாம் ஓய்ந்தது. மேரி வைஸுக்கு அப்போது வயது 19. மேரி ஆன் 1970-இலும் மார்ஜ் 1996-இலும் காலமாயினர்.

தட்டுகளோ விற்பனையாகிக்கொண்டே இருந்தன. 'லீடர் ஆஃப் த பேக்' மறுபதிப்பாகப் பிரிட்டனில் 1972-இல் 3-ஆம் இடமும் 1976-இல் 7-ஆம் இடமும் பெற்றது. நியூயார்க்கிலும் இலண்டனிலும் தோன்றிய முரட்டு இசைக்குழுவினர், இவர்களது பேச்சுத் தொடக்கங்களைத் தம் பாட்டுகளில் எடுத்தாண்டனர். 2006-இல் 'பேக் டு பிளாக்' தட்டை வெளியிட்ட ஏமி வைன்ஹவுஸ், இப்பாடல்களுக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே சொன்னார். 1977-இல் மூவர் மீண்டும் கூடி ஒலிப்பதிவு செய்து பார்த்தனர். மனநிறைவு தராமையால் அது வெளிவரவில்லை. 1980களில் இவர்களோடு தொடர்பே இல்லாத வேறு பெண்கள் ஷாங்ரிலாஸ் என்னும் பெயரில் மேடையேறினர். பெயர் வேறொருவர் கையில் இருந்தது. யார் நின்று பாடினாலும் ஒன்றே என்னும் எண்ணம் இருந்தாலன்றி இத்தகைய வணிகம் நடவாது. திறனாய்வாளர் மார்ட்டனை மட்டும் போற்றியபோது சொன்னதையே மேடை வணிகர் செயலில் காட்டினர். பள்ளியில் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயருக்காக உண்மைக் குழுவினர் வழக்காட நேர்ந்தது. 1989-இல் நியூஜெர்சியில் ஒரு நிகழ்ச்சியில் அவர்கள் தாமே மேடையேறிப் பாடினர்.

மேரி வைஸ் அதற்குள் கட்டடக்கலை, அறைகலன் தொழில்களில் பணிபுரிந்து வாழ்வை வேறுவகையில் அமைத்துக்கொண்டிருந்தார். நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் 2007-இல் அவர் ஒரு நெடுந்தட்டு வெளியிட்டார். 'டேஞ்சரஸ் கேம்' என்பது அதன் பெயர். குரல் தடித்திருந்தது, பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையே வழுக்கிச் செல்லும் அந்தப் பழைய முறை மாறவில்லை. தட்டு குழுவின் பெயரில் வரவில்லை; மேரி வைஸ் என்று தம் சொந்தப் பெயரிலேயே அதனை வெளியிட்டார். 2024 சனவரி 19 அன்று, தம் 75-ஆம் வயதில், அவர் காலமானார்.